புள்ளி இல்லாத ஆட்டங்கள்



நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒருவன் கேள்வி கேட்டிருந்தான். திண்டிவனத்துப் பையன், இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். ராத்திரி கண் விழித்துக் கால்பந்து பார்க்கிறவன். "சார், அர்ஜென்டினா, உருகுவே கிளப்புகள் ஜனவரி மாதம் தங்களுக்குள் ஏதோ கோப்பைக்கு ஆடுகின்றன. ஜெயித்தாலும் புள்ளி கிடையாதாம், தோற்றாலும் நஷ்டம் இல்லையாம். அப்புறம் எதுக்கு சார் ஆடுறாங்க?"

நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது கல்கத்தாவுக்குப் போயிற்று, சென்னைக்கு வந்தது, கோழிக்கோட்டுக்கும் போயிற்று. ஆகவே நீளமாகத்தான் இருக்கும். அவசரக்காரர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஜனவரி விஷயம். ஆறாம் வகுப்பில் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி, நமக்கு மார்கழிக் குளிர் என்றால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே கோடைகாலம் என்று சொன்னது நினைவிருக்கும். அர்ஜென்டினாவில் ஜனவரிதான் பெரிய விடுமுறை. பியூனஸ் அயர்ஸ் நகரத்து ஜனங்கள் 400 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் மார் டெல் பிளாட்டா என்ற கடற்கரை ஊருக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். கால்பந்துக்கும் அது ஓய்வுக் காலம். போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட், ராசிங், இண்டிபெண்டியன்டே, சான் லொரென்சோ என்ற பெரிய கிளப்புகள் ஜனங்களின் பின்னாலேயே அந்த ஊருக்குப் போய் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆடுவது பல பத்தாண்டுகளாக நடந்துவந்த வழக்கம். 'கோடைப் போட்டிகள்' என்றே அதற்குப் பெயர். 1978 உலகக் கோப்பைக்காக அங்கே கட்டிய மைதானமும் அதற்குப் பயன்பட்டது. பகலில் கடலில் குளித்தவன் ராத்திரி போகாவும் ரிவரும் மோதுவதைப் பார்ப்பான். உருகுவேயில் மோன்டேவீடியோ நகரத்து நேஷனல், பெனரோல் கிளப்புகளுக்கும் இதுபோன்ற கோடை ஆட்டங்கள் உண்டு.

கிளப்புக்கு டிக்கெட் காசு, டி.வி. காசு வருகிறது. ஆனால் பயிற்சியாளருக்கு வேண்டியது வேறு. ஒரு மாதம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு உடம்பு ஏறி வந்த ஆட்டக்காரனை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்கிய ஆளை எந்த இடத்தில் நிறுத்துவது என்று சோதிக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையனைப் பெரிய கூட்டத்தின் முன்னால் இறக்கி, கால் நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தோற்றால் மறுநாள் பத்திரிகையில் நாலு வசவு வரும், அவ்வளவுதான்.

இதற்கு நம்மிடம் ஒரு நல்ல பெயர் இருக்கிறது: திருப்புதல் தேர்வு. பொதுத் தேர்வுக்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைப்போமே, அதேதான். அந்த மதிப்பெண் எந்தச் சான்றிதழிலும் ஏறாது. ஆனால் திருத்திய தாளை வாங்கிப் போய், எந்தக் கேள்வியில் கோட்டை விட்டோம் என்று பார்க்கிற பிள்ளை ஒருவிதம். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிற பிள்ளை வேறுவிதம். (யார் யார் எந்த விதம் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.)

தென் அமெரிக்கக்காரர்கள் இந்தத் திருப்புதல் தேர்வுகளில் சிலவற்றை நம் நாட்டில் வந்தும் எழுதியிருக்கிறார்கள். அதை வரிசையாகப் பார்த்தால்தான் பையன் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்.

1977-ல் நான் பள்ளி மாணவன். எங்கள் சித்தப்பா விழுப்புரம் ரயில்வேயில் இருந்தார், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வண்டியில் யாராவது விட்டுப்போன பேப்பர் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்படித்தான் பெலே கல்கத்தாவுக்கு வந்த செய்தியைப் படித்தேன். செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ் மைதானம், நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கும் மோகன் பகானுக்கும் காட்சிப் போட்டி. பெலேவுக்கு வயது 36. அடுத்த வாரமே, அக்டோபர் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் தன் பழைய கிளப்பான சான்டோஸுக்கு எதிராக ஆடி ஓய்வு பெற்றுவிட்டார். கல்கத்தாவில் அன்றைக்கு மழையில் மைதானம் சேறு. ஆட்டம் 2-2. மோகன் பகானுக்கு ஹபீபும் ஷியாம் தாபாவும் கோல் போட்டார்கள். பெலேவைக் கவனித்துக்கொள்ளும் வேலை கௌதம் சர்க்காருக்கு. காஸ்மாஸின் இரண்டாவது கோல் ஒரு பெனால்டி, அது சரிதானா என்று கல்கத்தாக்காரர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள்.

பெலே வந்தார், கூட்டம் பார்த்தது என்பதோடு எல்லோரும் கதையை நிறுத்திவிடுகிறார்கள். மோகன் பகான் அந்த ஆட்டத்துக்கு எந்த நிலைமையில் போனது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வருடக் கல்கத்தா லீக்கைப் பரம எதிரியான ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போயிருந்தது. மோகன் பகான் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. நம் ரயில்வே காலனிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், அவர் ஈஸ்டர்ன் ரயில்வே அணியில் ஆடியவர். பெலேயோடு சமமாக ஆடிய அதே அணி சில நாட்களிலேயே ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்தது. பிறகு ரோவர்ஸ் கோப்பை, டூரண்ட் கோப்பை இரண்டும் வந்தன. ஒரே பருவத்தில் இந்த மூன்றையும் வென்ற முதல் அணி அதுதான். பெலேவோடு ஆடியதால் மட்டுமே ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளை அவர்கள் மடித்து வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தது நேரு கோப்பை. 1982-ல் கல்கத்தாவில் தொடங்கியது. வெளிநாட்டு அணிகளைக் கூப்பிட்டு நம் அணியோடு ஆட வைத்தால் நம் தரம் உயரும் என்பது எண்ணம், நல்ல எண்ணம்தான். முதல் வருடமே தென் அமெரிக்காவிலிருந்து உருகுவே வந்தது. 1930-லும் 1950-லும் உலகக் கோப்பையை வென்ற நாடு, அந்த 1982 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. வீட்டைப் பிரித்துக் கட்ட வேண்டிய நேரம். புதுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் சீனாவை 2-0 என்று வென்று கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் என்சோ பிரான்செஸ்கோலி, இருபது வயது. உருகுவேயின் தேசியச் சட்டையை அவன் முதன்முதலில் போட்டது மோன்டேவீடியோவில் இல்லை, நம் கல்கத்தாவில். அடுத்த வருடமே, 1983-ல், உருகுவே பிரேசிலை இறுதியில் வென்று கோபா அமெரிக்கா சாம்பியன் ஆனது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பிரான்செஸ்கோலி. பிற்காலத்தில் பிரான்ஸ் நாட்டு ஜிடேன் இவருடைய ஆட்டத்தில் மயங்கி, தன் மூத்த பிள்ளைக்கு என்சோ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரின் கதையில் கல்கத்தாவுக்கும் ஒரு வரி உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1984 ஜனவரியில் அர்ஜென்டினா வந்தது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கு வரும் ஒரே செய்தித்தாளுக்கு முப்பது பேர் சண்டை. விளையாட்டுப் பக்கம் என் கைக்கு வரும்போது அதில் இட்லிச் சாம்பார் கறை இருக்கும். மரடோனா வரவில்லை என்பதால் பலருக்கு அதில் சுவாரசியம் இல்லை. ஆனால் வந்தவர்களைப் பாருங்கள். பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ பொறுப்பேற்று ஒரு வருடம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. கோல்கீப்பர் பும்பிடோ. நடுக்களத்தில் புருச்சாகா. முன்னால் ரிக்கார்டோ கரேகா.

இந்தியா அவர்களோடு ஆடி 0-1 என்றுதான் தோற்றது. கோல் போட்டவர் கரேகா. அப்போது நம் பயிற்சியாளர் யுகோஸ்லாவியாக்காரரான மிலோவான். அந்த அணி ஒன்றும் சாதாரண அணி இல்லை, அதே வருடம் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அர்ஜென்டினா சீனாவிடம் 0-1 என்று தோற்றுப் போனது. கோப்பையைப் போலந்து வாங்கியது. அர்ஜென்டினா பத்திரிகைகள் பிலார்டோவை அந்தக் காலத்தில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தன. அவர் ஆள் மாற்றுவதும் இடம் மாற்றுவதுமாக இருந்தார். 1986 மெக்சிகோ. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியோடு 2-2 என்று இருந்தபோது மரடோனா தட்டிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மூன்றாவது கோலைப் போட்டவர் புருச்சாகா. அர்ஜென்டினா கோலில் நின்றவர் பும்பிடோ. விழுப்புரத்தில் டி.வி. இருந்த ஒரு சில வீட்டு வாசல்களில் நின்று பார்த்த நமக்கு, இவர்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் நாட்டில் வந்து சீனாவிடம் தோற்றுப் போனவர்கள் என்பது நினைவிலேயே இல்லை.

கரேகாவின் கதை வேறு. 1985-ல் பெரு நாட்டுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் போட்டு அர்ஜென்டினாவை உலகக் கோப்பைக்கு அனுப்பியவரே அவர்தான். ஆனால் மெக்சிகோ போன அணியில் பிலார்டோ அவரைச் சேர்க்கவில்லை. திருப்புதல் தேர்வில் நல்ல மார்க் வாங்கியவனுக்கு ஹால் டிக்கெட் கிடைக்காத கதை. பல வருடம் கழித்து அதே பெரு நாட்டின் பயிற்சியாளராகப் போய், அந்த நாட்டை 2018 உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். விதி என்று சொல்வதா, விளையாட்டு என்று சொல்வதா தெரியவில்லை.

சீனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982, 1983, 1984, 1986 என்று நான்கு முறை நேரு கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது, நான்கு முறையும் தோற்றது. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உருகுவே, ஹங்கேரி, போலந்து, சோவியத் யூனியன் என்று நான்கு விதமான அணிகளோடு பெரிய கூட்டத்தின் முன்னால் இறுதி ஆட்டம் ஆடிய அனுபவம் அவர்களுக்குக் கிடைத்தது. 2002-ல் உலகக் கோப்பையிலும் ஆடிவிட்டார்கள். மைதானம் நம்முடையது, செலவு நம்முடையது, படித்தது அடுத்த பெஞ்சுப் பையன்! நேரு கோப்பையை நாம் முதல்முறையாக வென்றது 2007-ல், டெல்லியில் சிரியாவை 1-0 என்று தோற்கடித்து. அதற்கு 25 வருடம் ஆயிற்று. அதிலும் கடைசிப் பத்து வருடம் போட்டியே நடக்கவில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். 1993-ல் நேரு கோப்பை சென்னையில் நடந்தது. அதற்காகத்தான் பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடத்தில் நேரு விளையாட்டரங்கத்தை 260 நாளில் கட்டி முடித்தார்கள். அந்த முறை தென் அமெரிக்க அணி எதுவும் வரவில்லை. இறுதியில் வட கொரியா ருமேனியாவை 2-0 என்று வென்றது. நம் விழுப்புரம் மாவட்டமே அப்போது பிறக்கவில்லை, அந்த வருடம் செப்டம்பர் 30-ல்தான் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. நான் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலரைப் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு பாசஞ்சரில் எழும்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நடந்தே மைதானம் போனோம். ஒரு ஐரோப்பிய அணியின் லீக் ஆட்டம். புதுப் பெயிண்ட் வாசனை, அவ்வளவு பெரிய கட்டிடம், பையன்களுக்கு வாய் மூடவில்லை. திரும்பி வரும்போது ஒருவன் கேட்டான்: "சார், அவங்க ஆட்டத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் பந்து இல்லாமலே ஓடிக்கிட்டு இருந்தாங்களே, களைச்சுப் போயிட மாட்டாங்களா?" மற்றவர்கள் கோலைப் பார்த்தார்கள், அவன் அதைப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு நம் பள்ளியில் குறுவட்டப் போட்டிக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பையன்களோடு வைக்கும் பழக்க ஆட்டத்துக்கு நான் ஒரு நோட்டுப் போட்டேன். யார் எப்போது மூச்சு வாங்கினான், யார் இடது காலைத் தொடவே இல்லை என்று எழுதுவேன். கோல் கணக்கு அந்த நோட்டில் இருக்காது. அதற்காகப் பையன்களுக்கு என்மேல் கோபம்.

2011 செப்டம்பர் 2. இதுதான் நம் பையன் கேட்ட கேள்விக்கு மிகப் பக்கத்தில் வருகிற ஆட்டம். இரண்டு தென் அமெரிக்க நாடுகள், அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும், கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நட்புறவு ஆட்டம் ஆடின. நாம் ஊரைக் கூட்டி மெஸ்ஸியைப் பார்த்தோம். அவர்கள் என்ன பார்த்தார்கள்? அர்ஜென்டினாவுக்குப் புதுப் பயிற்சியாளர் சபெல்லா, அவருக்கு அது முதல் ஆட்டம். மெஸ்ஸியை நிரந்தரக் கேப்டனாக ஆக்கி இறக்கிய முதல் ஆட்டமும் அதுதான். ஒடாமெண்டி தலையால் முட்டிப் போட்ட கோலில் அர்ஜென்டினா 1-0 என்று ஜெயித்தது. அங்கிருந்து டாக்கா போய் நைஜீரியாவோடும் ஆடிவிட்டு ஊர் திரும்பினார்கள். 2014 உலகக் கோப்பையில் அதே சபெல்லா, அதே கேப்டன், இறுதி ஆட்டம் வரைக்கும் போனார்கள்.

தோற்ற வெனிசுவேலாவைத்தான் நான் என் வகுப்பில் சொல்லியிருப்பேன், அப்போது இந்த விவரம் கையில் இருந்திருந்தால். கல்கத்தாவில் தோற்ற ஆறு வாரத்துக்குள், அக்டோபர் 11-ஆம் தேதி, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தங்கள் ஊரில் அர்ஜென்டினாவை 1-0 என்று வென்றார்கள். அர்ஜென்டினாவை வெனிசுவேலா ஜெயித்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. புள்ளி இல்லாத ஆட்டத்தில் 0-1, புள்ளி உள்ள ஆட்டத்தில் 1-0.

கடைசியாகக் கோழிக்கோடு. அந்த ஊரில் சேட் நாக்ஜி கோப்பை 1952-லிருந்து நடந்த பழைய போட்டி. 1995-க்குப் பிறகு நின்றுபோயிருந்தது. 21 வருடம் கழித்து 2016 பிப்ரவரியில் மறுபடி தொடங்கினார்கள். அழைப்பு விடுக்க ரொனால்டினோவே ஜனவரியில் வந்தார், ஊரே தெருவில் நின்றது. வந்தவை எட்டு அணிகள். பிரேசிலிலிருந்து அட்லெட்டிகோ பரனயென்ஸ், அர்ஜென்டினாவின் 23 வயதுக்கு உட்பட்டோர் அணி, உக்ரைனிலிருந்து நீப்ரோ, வோலின் லுட்ஸ்க், இன்னும் இங்கிலாந்து, ஜெர்மனி, அயர்லாந்து, ருமேனியா கிளப்புகள். பெரும்பாலும் இளைஞர்கள், இரண்டாம் வரிசைக்காரர்கள். உக்ரைனில் பனி கொட்டும் மாதம் அது, லீக் நடக்காது, கிளப்புகள் வெயில் தேடிப் போவது வழக்கம். பிரேசிலில் அப்போதுதான் வருடம் தொடங்குகிறது. இரண்டு பேருக்கும் கோழிக்கோடு ஒரு நல்ல பயிற்சி மைதானம். பிப்ரவரி 21 இறுதி ஆட்டத்தில் நீப்ரோ 3-0 என்று பரனயென்ஸை வென்றது.

ஜெயித்த நீப்ரோ அதற்கு முந்தைய வருடம்தான் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம் வரை போன கிளப். ஆனால் கடனில் மூழ்கிச் சில வருடங்களில் காணாமலே போய்விட்டது. தோற்ற பரனயென்ஸுக்கு, ஊர்ப் போட்டிகளில் இளைஞர் அணியைத் தனியாக இறக்கி வளர்க்கும் பழக்கம் உண்டு. 2018-ல் அப்படி இளைஞர் அணியை நடத்திய பயிற்சியாளர் தியாகோ நூனெஸ், வருட நடுவில் பெரிய அணிக்கு மாற்றப்பட்டார். டிசம்பரில் கோபா சுடாமெரிக்கானாவை வாங்கிக் கொடுத்தார். அந்த அளவுக்கான கோப்பை அந்தக் கிளப்புக்கு அதுவே முதல்.

கோழிக்கோட்டுப் போட்டியில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். எட்டு அணியில் ஒன்றுகூட இந்திய அணி இல்லை. மலப்புரத்திலும் கோழிக்கோட்டிலும் அறுவடை முடிந்த வயலில் செவன்ஸ் ஆடுகிற பையன்களுக்குக் குறைவா? ஒரு உள்ளூர் அணி உள்ளே போய் மூன்று ஆட்டத்திலும் ஐந்து கோல் வாங்கித் தோற்றிருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன். நம் பள்ளிக் கட்டிடத்தில் திருப்புதல் தேர்வு நடக்கிறது, நம் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

2025 மார்ச் 30 அன்று சென்னை நேரு அரங்கில் பிரேசிலின் பழைய நட்சத்திரங்கள் வந்து இந்தியாவின் பழைய ஆட்டக்காரர்களோடு ஆடியது உங்களில் பலருக்குத் தெரியும், படமெல்லாம் போட்டீர்கள். ரொனால்டினோ, ரிவால்டோ, பயிற்சியாளர் இடத்தில் துங்கா. 2-1 என்று பிரேசில் ஜெயித்தது. அது முழுக்கத் திருவிழா. திருவிழா வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. மயிலம் பங்குனி உத்திரத்தில் தேர் வடம் பிடித்தவன் யாராவது அதில் என்ன புள்ளி கிடைத்தது என்று கேட்பானா? அந்த ஆட்டத்துக்குத் தன் பெண்ணையும் பேரனையும் கூட்டிப்போன ஒரு பழைய மாணவன், பேரன் அன்றிலிருந்து தூங்கும்போதும் பந்தை விடவில்லை என்று போனில் சொன்னான். அதுவும் ஒரு கணக்கில் வரவுதான்.

ஆக, தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: போகாவும் ரிவரும் நேஷனலும் பெனரோலும் ஜனவரியில் ஆடுவது மார்ச்சில் யாரை உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அடுத்த தடவை பார்க்கும்போது ஸ்கோரை விட்டுவிட்டு, அறுபதாவது நிமிடத்தில் யாரை வெளியே எடுத்து எந்தப் பையனை உள்ளே விடுகிறார்கள் என்று கவனி. பெயரைக் குறித்து வை. இரண்டு வருடம் கழித்து எனக்கு எழுது.

1993-ல் என்னோடு எழும்பூரில் இறங்கி நடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே சொல்லுங்கள். பந்து இல்லாமல் ஓடுவதைப் பற்றிக் கேட்டவன் யார் என்பதில் எனக்கும் உங்கள் அக்காவுக்கும் (என் மனைவியைத்தான் சொல்கிறேன்) இரண்டு நாளாக வாக்குவாதம். நான் ஒரு பெயர் சொல்கிறேன், அவர் வேறு பெயர் சொல்கிறார்.